கேட்டதில்லை

ரூபா தன் பெயரின் முன்பாதியைச் செவி மையத்தின் வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். வீட்டிலும் தெருவிலும் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் அவள் இசக்கிரூபா. மையத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கொடுத்த அட்டையில் வெறும் ரூபா. சேர்ந்த அன்று விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை நிமிடம் யோசித்தாள். எழுத இடம் போதாது என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு பாதியை விட்டாள். இடம் தாராளமாக இருந்தது.

அதே தாளில் ‘பெற்றோர் தொழில்’ என்று ஒரு கட்டம். ‘ஏற்றுமதி நிறுவனம்’ என்று எழுதினாள். அதையும் முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவள் அம்மா பேச்சியம்மாள் உப்பளப் பாத்தியில் வாருகிற உப்பு கடைசியில் கப்பலேறத்தான் செய்தது.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம், மூன்று நாள் சம்பளத்தோடு தொழில் பயிற்சி என்று ஆகி நாலைந்து வருடம் இருக்கும். துறைமுகம், பட்டறை, ஆஸ்பத்திரி, கப்பல் கம்பெனி என்று ஆளுக்கொரு இடம் போனார்கள். எல்லோரும் ஆசைப்பட்டது செவி மையத்துக்குத்தான். குளிர்ந்த அறை, சுழலும் நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி. வெயில் படாத வேலை. ரூபாவின் தெருவிலிருந்து வெயில் படாத வேலைக்குப் போன முதல் ஆள் அவள். பேச்சியம்மாள் அதை அளத்தில் சொல்லாத ஆள் பாக்கி இல்லை.

முதல் நாள் அவர்களுக்கு வேலையைச் சொல்லிக் கொடுத்தது கிளாடிஸ் மேடம். ஐம்பதைத் தொட்ட வயது, மூக்கின் நுனியில் நிற்கும் கண்ணாடி, எதையும் சத்தம் போடாமல் சொல்லும் குரல்.

“இந்த மாவட்டத்துல யார் உடம்பு சரியில்லன்னு போன் பண்ணாலும் முதல்ல எடுக்கிறது இந்த மெஷின்தான். வண்டி அனுப்பணுமா, நாளைக்கு வரச் சொல்லணுமா, மாத்திரை போதுமா, எல்லாம் ஒரு நிமிஷத்துல அதுவே முடிவு பண்ணிடும். வைத்தியம் பூரா அதுக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஆளுங்க வாய்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். மேடம் உதாரணம் ஒன்று சொன்னார். போன வருடம் காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி, எங்க காக்கா மயங்கி விழுந்துட்டாங்க என்று அழுதாளாம். இயந்திரம் மிகவும் பணிவாகக் கால்நடை மருத்துவமனையின் எண்ணைக் கொடுத்ததாம். சிரிப்பு அடங்குமுன் பக்கத்தில் இருந்த நஸ்ரின் எழுந்து, “எங்க ஊர்ல காக்கான்னா அண்ணன் மேடம்” என்றாள். அவளும் காயல்பட்டினம். சொல்லிவிட்டு அவளே இன்னொரு முறை சிரித்தாள்.

“அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கோம்” என்றார் மேடம். “பெரியவங்க பேசிப்பேசி எல்லாரும் ஒண்ணு போலப் பேசப் பழகிட்டாங்க. உங்க காதுலதான் இன்னும் வீட்டுப் பேச்சு இருக்கும்.”

வேலை இவ்வளவுதான். இயந்திரத்துக்குச் சந்தேகம் வருகிற இடத்தை மட்டும் நறுக்கி எட்டு நொடித் துண்டாக மூன்று பிள்ளைகளின் காதுக்கு அனுப்பும். பேசியவர் யாரென்று தெரியக்கூடாது என்பதால் எல்லாக் குரலையும் ஒரே குரலாக மாற்றித்தான் தரும். ஆணா பெண்ணா, கிழமா குமரா என்று பிரிக்க முடியாத, வழவழப்பான ஒரு குரல். தான் என்ன அர்த்தம் கொண்டது என்பதையும் திரையில் காட்டும். பன்னிரண்டு நொடிக்குள் மூன்றில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். ‘சரி’. ‘வேறு பொருள்’. ‘கேட்டதில்லை’.

‘வேறு பொருள்’ என்று அழுத்தினால் அதை எழுத வேண்டும், எங்கே கேட்ட சொல் என்றும் சொல்ல வேண்டும். எழுதியவர் பெயரும் இருப்பிடமும் கூடத்தின் பெரிய திரையில் அந்த நிமிடமே வரும். ‘சொல் தந்தவர்: நஸ்ரின், காயல்பட்டினம்’ என்று முதல் வாரத்திலேயே ஏழெட்டு முறை வந்தது. ஒவ்வொரு முறையும் நஸ்ரின் எழுந்து நின்று எல்லோருக்கும் கும்பிடு போடுவாள். அப்படி ஒரு பெயர் வருவது அந்தக் கூடத்தில் பெருமை. ரூபாவின் பெயர் ஐந்து மாதத்தில் ஒருமுறையும் வரவில்லை.

அவளுக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. முதல் மாதமே ஆல்வின் ஒரு வேடிக்கை சொன்னான். அவன் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மதியச் சாப்பாட்டில் யாரோ ஊறுகாய் பாட்டிலை நீட்ட, “அளத்துப் பிள்ளைங்கள இப்படித்தான் பாட்டில்ல போட்டு வைக்கலாம், கெட்டே போகாதுங்க” என்றான். யாரையும் நினைத்துச் சொன்னதில்லை. வாய்க்கு வந்தது, சொன்னான், மறந்தான். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது ரூபா. அந்தச் சிரிப்பின் சத்தம் அவள் காதிலேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவளால் எதையும் மாற்றிச் சொல்ல முடியாமல் போனது. அன்றே வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்கூட ஒருநாள் இல்லை ஒருநாள் சொல்லியிருப்பாள். சிரித்துவிட்டவள் எந்த முகத்தோடு சொல்வாள்?

பங்குனி கடைசியில் ஒரு வியாழக்கிழமை. பதினொன்றே முக்கால் இருக்கும். மூன்று பேர் காதிலும் ஒரே துண்டு விழுந்தது. ரூபா, ஆல்வின், நஸ்ரின்.

“உப்பு ஏறிட்டு… நல்லாவே ஏறிட்டு… சிரிக்கா…”

இயந்திரம் தன் அர்த்தத்தைத் திரையில் போட்டது. ‘சிறுநீரகக் கோளாறு. உடலில் உப்புச்சத்து அதிகம். நோயாளி சிரித்துக்கொண்டிருக்கிறார். அவசரமில்லை.’

ஆல்வின் சட்டென்று ‘சரி’ அழுத்தினான். அவன் சித்தப்பா வாரம் இருமுறை ரத்தம் சுத்தம் செய்துகொள்ளப் போகிறவர். ‘உப்பு ஏறியிருக்கு’ என்பது அவன் வீட்டில் அன்றாடம் புழங்கும் பேச்சு. நஸ்ரின் உதட்டைப் பிதுக்கிவிட்டு ‘கேட்டதில்லை’ அழுத்தினாள்.

ரூபாவுக்குத் தெரிந்த சொல். அளத்தில் ‘உப்பு ஏறிட்டு’ என்றால் சிறுநீரகம் இல்லை. வெயில் தலைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். வியர்வை நின்றுபோகும். தோல் காய்ந்து சுடும். ஆள் சம்பந்தமில்லாமல் பேசும், சிரிக்கும். சிரிப்பு வந்துவிட்டால் அளத்தில் ஒருவரும் வாருபலகையைக் கையில் வைத்திருக்க மாட்டார்கள். போட்டுவிட்டு ஓடுவார்கள்.

‘வேறு பொருள்’ அழுத்தினாள். கட்டம் திறந்தது. ‘வெயி’ என்று எழுதினாள். கீழே அடுத்த கட்டம் காத்திருந்தது. ‘எங்கே கேட்டீர்கள்?’ அதற்குப் பதில் எழுதினால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தாள். பெரிய திரை கூடத்தின் நடுவில், எல்லோர் கண்ணுக்கும் நேராக, காலியாக இருந்தது. அதன் கீழே ஆல்வின் நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றிக்கொண்டிருந்தான்.

நான்கு நொடி மிச்சம் இருந்தது. எழுதிய இரண்டு எழுத்தையும் அழித்தாள். ‘கேட்டதில்லை’ அழுத்தினாள்.

மூவரில் ஒருவர் சரி என்றார், இருவருக்குத் தெரியவில்லை. மறுத்தவர் யாருமில்லை என்பதால் இயந்திரத்தின் அர்த்தமே நின்றது. அடுத்த துண்டு வந்தது. யாரோ ஒருவருக்குக் குதிகால் வலி.

அதற்குப் பிறகு மனசு செய்த வேலையை ரூபா பின்னாளில் பலமுறை நினைத்துப் பார்த்தாள். அது ஒரு வக்கீலைப் போல வேலை செய்தது. நிஜமாகவே கிட்னிக்காரராக இருக்கலாம், அளத்துக்காரர்கள் மட்டுமா உப்பு என்கிறார்கள் என்றது. கூட இருப்பவர்கள் விவரமாகச் சொல்லியிருப்பார்கள் என்றது. தேவை என்றால் மெஷின் இன்னொரு தடவை கேட்கும், அப்போது சொல்லலாம் என்றது. தேநீர் வந்தது. இரண்டு பிஸ்கட் தின்றாள். மூன்று மணிக்கு அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள்.

தெருவில் ஆள் இல்லை. குழாயடியில் குடங்கள் மட்டும் வரிசையில் நின்றன. எதிர்வீட்டுப் பிள்ளைதான் சொன்னது. தங்கபுஷ்பம் அத்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள், வாயில் நுரை வந்துவிட்டது, எல்லோரும் அங்கேதான்.

தங்கபுஷ்பம் பக்கத்து வீடு. பேச்சியம்மாளுக்கு அண்ணன் மனைவி முறை. இருவரும் ஒரே பாத்தியில் இருபது வருடமாக உப்பு வாருகிறவர்கள்.

பேச்சியம்மாள் வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தாள். கால் முட்டு வரைக்கும் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதைக் கழுவக்கூடத் தோன்றாமல் அடுப்பங்கரையில் உட்கார்ந்தாள்.

“உசுருக்கு ஒண்ணுமில்லன்னுட்டாவ. ஆனா மைனி யாரையும் தெரிஞ்சுக்கிடல. ஒரு மணி நேரம் முந்திக் கொண்டாந்திருந்தா இப்படி ஆயிருக்காதாம்.”

“ஏன்மா லேட்டாச்சு?”

“மொத தடவ போன் போட்டதுக்கு, நாளைக்குக் காலைல ரிப்போர்ட்ட எடுத்துக்கிட்டு ஓபிக்கு வான்னு சொல்லிட்டு அந்தப் பொட்டி. இழுப்பு வந்தப் பொறவு இன்னொருக்காப் போட்டேன். அப்பதான் வண்டி வந்துச்சு.”

“நீயாம்மா போன் பண்ணுன?”

“வேற யாரு? மத்தவளுவ எல்லாம் தூரத்துப் பாத்தில நின்னாளுவ.”

என்ன சொன்னாய், எந்த வார்த்தையில் சொன்னாய் என்று கேட்க வேண்டிய இடம் அது. ரூபா கேட்கவில்லை. சோறு போடட்டுமா என்று கேட்டாள். அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். அந்த வழவழப்பான குரலை மனசுக்குள் மறுபடி ஓடவிட்டு, அதன்மேல் அம்மாவின் குரலைப் போர்த்திப் பார்த்தாள் ரூபா. அளவெடுத்துத் தைத்த மாதிரிப் பொருந்தியது. ‘நல்லாவே ஏறிட்டு’ என்ற இடத்தில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியிருக்கும். இயந்திரம் அந்த மூச்சையும் வழித்து எடுத்துவிட்டுத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தது.

சனிக்கிழமை கிளாடிஸ் மேடம் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். யாரையும் குறை சொல்லக் கூப்பிடவில்லை என்று முதலிலேயே சொன்னார். ஒரு அழைப்பு தப்பாகப் போயிருக்கிறது, சொல் புதிது, நிஜ அர்த்தம் யாருக்காவது தெரியுமா, விசாரித்துச் சொன்னாலும் போதும் என்றார். ஆல்வின் முகம் வெளுத்திருந்தது. நான்தான் சரின்னு போட்டேன் மேடம் என்று அவனாகவே சொன்னான். தெரிஞ்ச அர்த்தத்தைத்தானே போட்ட, அது தப்பில்ல என்று மேடம் அவனைத் தேற்றினார். ரூபாவுக்கு அந்தத் தேறுதல் காதுக்குள் ஊசி போல இறங்கியது.

“எனக்குத் தெரியும் மேடம்” என்றாள். “வெயில் தலைக்கேறுறதை அளத்துல அப்படிச் சொல்லுவாங்க. எங்க அம்மா அளத்துலதான் வேலை பார்க்காங்க.”

மேடம் மற்ற இருவரையும் அனுப்பிவிட்டார். திரையைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார். புதுச் சொல்லைச் சேர்ப்பதற்கான படிவம். சொல். பொருள். கேட்ட இடம். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி. ‘இச்சொல்லை எப்போதிலிருந்து அறிவீர்கள்?’

“எப்ப தெரிஞ்சுது உனக்கு?” என்று மேடம் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“முந்தா நாள் சாயங்காலம். அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாங்க.”

மேடம் கண்ணாடிக்கு மேலே அவளை ஒரு கணம் பார்த்தார். “உன் விண்ணப்பத்துல தொழில் என்னன்னு எழுதியிருந்தியோ ஞாபகம் இல்ல. முகவரியைப் பார்த்துத்தான் உன்னை எடுத்தேன். அளத்துப் பக்கத்திலேர்ந்து ஒரு பிள்ளையாவது வேணும்னு நான்தான் கேட்டு வாங்கினேன்.” பிறகு, ஏதோ ஒரு கதவைச் சாத்துவது போல, “சரி. முந்தா நாள்னே போட்டுக்கோ” என்றார்.

போட்டாள். கூடத்துக்குத் திரும்பி வருவதற்குள் பெரிய திரையில் வந்துவிட்டது. ‘சொல் தந்தவர்: ரூபா, உப்பளக் குடியிருப்பு’. ஐந்து மாதமாக எந்த ஒரு வரிக்குப் பயந்து பயந்து இருந்தாளோ, அந்த வரி.

யாரும் சிரிக்கவில்லை. நஸ்ரின் கை தட்டினாள். ஆல்வின் வந்து, “ஏ, நீ அளமா? சொல்லவே இல்ல. எங்க மாமா ஒருத்தர் அங்க லாரி ஓட்டுனாரு” என்றான். பிறகு போய்த் தண்ணீர் குடித்தான். அவ்வளவுதான். ஒரு கிளாஸ் தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை. அவள் பயந்த அது அவ்வளவு சின்னதாக இருந்தது. பெரிதாக இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது ரூபாவுக்கு. நாலு பேர் கேலி செய்திருந்தால், ஆல்வின் இன்னொரு முறை ஊறுகாய் என்றிருந்தால், இதற்குப் பயந்துதான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணமாவது மிஞ்சியிருக்கும். இப்போது அதுவும் இல்லை. தங்கபுஷ்பம் அத்தையின் புத்தியை அவள் ஒன்றுமில்லாத ஒன்றுக்கு விலையாகக் கொடுத்திருந்தாள்.

பதினோரு நாள் கழித்துத் தங்கபுஷ்பம் வீடு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க முடிந்தது. ஆட்களை ஒவ்வொருவராக அடையாளம் தெரிந்தது. நாக்குதான் திரும்பவில்லை. பேச்சு எல்லாம் உருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. பேச்சியம்மாள் ரூபாவை இழுத்துக்கொண்டு போய் முன்னால் நிறுத்தினாள். யாருன்னு சொல்லு மைனி என்றாள். தங்கபுஷ்பம் வெகுநேரம் உதட்டைக் கூட்டினாள்.

“இ… இசக்கி…”

அதற்குமேல் வரவில்லை. மிச்சப் பாதியை நாக்கில் தேடி, கிடைக்காமல், வெட்கத்தோடு சிரித்தாள். ரூபா அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் குனிந்தாள். யார் யாரைப் பார்த்து வெட்கப்படுவது? குனிந்த இடத்தில் அத்தையின் பாதங்கள் இருந்தன. பதினோரு நாளாக உப்புத் தண்ணீர் படாததால் வெடிப்பெல்லாம் ஆறி, யாருடைய பாதங்களோ போல இருந்தன.

சொல்லைச் சேர்த்தால் மட்டும் போதாது, அதை அந்த ஊர்க்காரர்கள் வாயால் சொல்லிப் பதிய வேண்டும் என்பது மையத்தின் வழக்கம். முதலில் அழைத்தவரிடமிருந்தே தொடங்கலாம் என்று கிளாடிஸ் மேடம் பேச்சியம்மாளை வரச் சொன்னார். பேச்சியம்மாள் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துவைத்து மடித்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு, காதில் கம்மலை மாற்றிக்கொண்டு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கி மையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன் செருப்பைக் கழற்றினாள். வேண்டாம்மா, போட்டுக்கிட்டே வா என்று ரூபா சொல்லியும் கேட்கவில்லை. கூடத்தைக் கடக்கும்போது ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்து, “ஒன் இடம் எதுட்டி?” என்று கேட்டாள். ரூபா காட்டினாள். பேச்சியம்மாள் அந்த நாற்காலியின் முதுகைக் கையால் ஒருமுறை தடவிவிட்டு வந்தாள்.

பதிவு அறை சின்னது. மூவர் இருந்தால் நிறைந்துவிடும். மேசைமேல் ஒலிவாங்கி, அதன் பக்கத்தில் சிவப்பு விளக்கு. பேச்சியம்மாள் ஒலிவாங்கியைப் பார்த்ததும் குரலைத் தொண்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, உப்பு ஏறிட்டு என்றாள்.

“சரியாகக் கேட்கவில்லை. மீண்டும் சொல்லுங்கள்” என்றது இயந்திரம்.

மறுபடி சொன்னாள். மறுபடியும் அது அப்படியே சொன்னது.

“செவிட்டுப் பொட்டி. இதுக்குப் போயிப் பேரு செவியாம்” என்று முணுமுணுத்தாள். அது மட்டும் இயந்திரத்துக்குத் தெளிவாகக் கேட்டுவிட்டது. திரையில் எழுத்தெழுத்தாக வந்தது. கிளாடிஸ் மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பேச்சியம்மாளுக்கும் கூச்சம் விட்டது. அதற்குப் பிறகு நன்றாகவே சொன்னாள். வேகமாக ஒருமுறை, நிதானமாக ஒருமுறை, தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது போல ஒருமுறை.

முடிகிற நேரத்தில் மேடம் கேட்டார். கேட்க வேண்டும் என்று நினைத்து வைத்திருந்து கேட்டதா, போகிற போக்கில் வாயில் வந்ததா, தெரியாது.

“அம்மா, வெயில்ல மயக்கம் போட்டுட்டாங்கன்னு சொல்லியிருந்தா வண்டி அப்பவே வந்திருக்கும். அப்படிச் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?”

“ஏன் தெரியாது மேடம்? பேங்குல, தாலுகா ஆபீசுல எல்லாம் ஒங்கள மாதிரிதான் பேசுவேன். அங்க போயி நம்ம பேச்சுப் பேசுனா சிரிப்பாவல்லா?” பேச்சியம்மாள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். “அன்னைக்கு மட்டும்தான் அப்படிச் சொன்னேன். எம்மவ அங்க இருக்காளே, அவ காதுல விழுந்தா ஒடனே வெளங்கிக்கிடுவாளேன்னுதான் நம்ம பேச்சுலயே சொன்னேன். இல்லன்னா நான் பாட்டுக்கு மயக்கம்னு சொல்லிருப்பேன்.”

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரூபா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் அதைத் தவறாக எடுத்துக்கொண்டாள். மகள்மேல் எங்கே குறை விழுந்துவிடுமோ என்று அவசரமாகச் சொன்னாள்.

“இவளுக்குப் பழக்கமான வார்த்தைதான் மேடம். அஞ்சு வயசுல இவளுக்கே ஒருக்கா உப்பு ஏறிருக்கு. பள்ளிக்கூடம் லீவுன்னு அளத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மைனிதான் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ரோடு வரைக்கும் ஓடுனா. இன்னைக்கும் அதச் சொல்லிச் சொல்லி இவளைக் கேலி பண்ணுவா. ஏட்டி, உப்பு ஏறுன பிள்ளன்னுதான் ரொம்ப நாளாக் கூப்புட்டா.”

ரூபாவுக்கு அந்த ஓட்டம் நினைவிருந்தது. தோளில் முகம் இடித்தது, வெள்ளை வெளேரென்று தரை ஆடியது, இவளுக்கு உப்பு ஏறிட்டு, வழி விடுங்க என்று காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல் கத்தியது. முகமூடி போடாத குரல்.

கிளாடிஸ் மேடம் திரையின் பக்கம் திரும்பினார். திரையில் பேச்சியம்மாள் சொன்னது முழுவதும் வரிவரியாக ஏறி நின்றிருந்தது. படிவத்தின் ‘முந்தா நாள்’ அதற்கு நேர்மேலே இருந்தது. அவர் ரூபாவைப் பார்க்காமல், கீபோர்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“கடைசியா சொன்னது பதிவுக்குத் தேவையில்ல. வேணாம்னா எடுத்துடலாம். ஒரு நிமிஷ வேலைதான்.”

அவர் விரல் பொத்தான்மேல் இருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். அந்த விரலைப் பார்த்தபோது, தான் சொன்னது பொய் என்று அந்தச் சனிக்கிழமையே இவருக்குத் தெரியும் என்பது ரூபாவுக்குப் புரிந்தது. தெரிந்தும் அவளுக்காக ஒரு கதவைச் சாத்தினார், இப்போது இன்னொன்றையும் சாத்தத் தயாராக இருக்கிறார். அது அன்புதான். அந்த அன்புக்குள் போய் ஒளிந்துகொண்டால் வெளியே வர வழியே இருக்காது.

“இருக்கட்டும் மேடம்” என்றாள். “எடுக்காதீங்க.”

பேச்சியம்மாள் மேடத்தைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ‘எப்போதிலிருந்து அறிவீர்கள்’ என்ற வரியை உதடு அசைய மெதுவாகப் படித்தாள். அதற்கு எதிரே இருந்த பதிலைப் படித்தாள். அதன் ஓரத்தில், அன்றைய அழைப்புக்கு அழுத்திய பொத்தானின் பதிவில், ரூபா என்ற பெயர். அந்த வியாழக்கிழமையின் தேதி. பதினொன்று நாற்பத்தாறு. அதற்குப் பக்கத்தில் ‘கேட்டதில்லை’.

அவள் முகத்தில் ஒன்று வந்து போவதை ரூபா பார்த்தாள். வாரிக் குவித்த உப்பில் மழை விழுந்ததும் குவியல் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும் கரையத் தொடங்கும். அந்த மாதிரி. பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். குரலை இறக்கி, யாருக்கும் கேட்காதபடி, மகளுக்கு ஒரு வழி எடுத்துக் கொடுப்பவளைப் போலக் கேட்டாள்.

“அன்னைக்கு நீ லீவா இருந்தியோட்டி?”

ஆமாம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அம்மா நம்பிவிடுவாள். நம்ப வேண்டும் என்றுதான் கேட்கிறாள். திரையில் இருப்பது அவளுக்குச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை என்று தானே சொல்லிக்கொள்வாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு எதையாவது பேசிக்கொண்டு வருவாள்.

“இல்லம்மா” என்றாள் ரூபா. “இருந்தேன்.”

குரல் அவளுக்கே எட்டவில்லை. விளக்கு ஒருமுறை மின்னியது.

“சரியாகக் கேட்கவில்லை” என்றது இயந்திரம், எல்லோருடையதும் யாருடையதும் அல்லாத அந்தக் குரலில். “மீண்டும் சொல்லுங்கள்.”

அவள் அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு மீண்டும் சொன்னாள்.